சொக்சோவில் நல்ல வெயில்

வெலிமடை பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டீக்கடையில் காலை நேரத்தில் யாராவது கடல் என்ற சொல்லை வாய்தவறி உச்சரித்துவிட்டால் போதும். மூலை மேசையிலிருந்து ஒரு குரல் கிளம்பும்: "நான் சொக்சோவுக்குப் போயிருந்தப்ப..." கடைக்காரர் மறுபேச்சில்லாமல் கேத்தலில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுவார். கதை முடிவதற்குள் ஆளுக்கு இரண்டு பிளேன்டீ ஓடும் என்பது அவருடைய கணக்கு. கடல் என்றுதான் தொடங்க வேண்டும் என்றில்லை. கணவாய், கருவாடு, பாலம், பஸ் டிக்கெட், எதுவும் வழி திறக்கும். ஒரு முறை உருளைக்கிழங்கு விலை சரிந்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். "கொரியாவுல கங்வொன்னு ஒரு மாகாணம். கெழங்குக்குப் பேர் போனது, நம்ம வெலிமட மாதிரி. சொக்சோ அங்கதான் இருக்கு" என்றார். மூன்றே வாக்கியத்தில் கெப்பெட்டிபொலை கிழங்கு மூட்டைகள் கொரியக் கடற்கரையில் போய் இறங்கிவிட்டன.

இவர்தான் எங்கள் கொரியாக்காரர். பெயர் ஒன்று உண்டு. கிராம சேவகருக்கும் வங்கிக்கும் அது தெரியும். மற்றவர்களுக்கு அவர் கொரியா அண்ணன், கொரியா மாமா, கடன் கேட்கும்போது மட்டும் "நம்ம கொரியாத் தம்பி". இது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய உயிரினம் என்று நினைத்துவிடாதீர்கள். பண்டாரவளையில் ஒருவர் இருக்கிறார், பதுளையில் மூன்று நான்கு பேர் தேறுவார்கள். முன்பு சவுதிக்காரர், டுபாய்க்காரர் என்று இருந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த ரேடியோவும் கம்பளியும் பழசாகிப்போன காலத்தில் கொரியாக்காரர் வந்து இறங்கினார். 2004-ல் கொரியா வெளிநாட்டுத் தொழிலாளர்களை அரசாங்கங்கள் மூலமாகவே எடுப்பது என்று ஒரு திட்டம் தொடங்கியபோது முதலில் சேர்ந்த ஆறு நாடுகளில் இலங்கையும் ஒன்று. ஏஜென்சிக்குக் கொட்டிக்கொடுக்கத் தேவையில்லை. கொரிய மொழிப் பரீட்சையில் தேற வேண்டும், அவ்வளவுதான். டவுனுக்கு டவுன் கொரிய வகுப்புப் பலகை தொங்கியது. நம்மவர் போன வகுப்பில் பாடத்தை விளக்கியது சிங்களத்தில். ஆகவே அவர் கொரியனைச் சிங்களத்தில் கேட்டு, தமிழில் எழுதிவைத்து, லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்து உருப்போட்டு, முதல் தடவையிலேயே தேறினார்.

தேறியதற்குக் காரணமும் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். "சேர், அது நம்ம பாஷதான். அப்பாவுக்கு அப்பா. அம்மாவுக்கு ஒம்மா. நீ-க்கு நீ. புல்லுக்குப் புல். வேற என்ன வேணும்?" டீக்கடை முழுவதும் தலையாட்டும். ஒரு நாள் பின் பெஞ்சிலிருந்து ஒரு பெரியவர், "நம்ம பாஷதான்னா அப்புறம் எதுக்குத் தம்பி பரீட்ச வச்சாங்க?" என்று கேட்டுவிட்டார். அன்றைக்குக் கதை சீக்கிரம் முடிந்தது.

அவர் அடிக்கடி சொல்லும் கொரியச் சொல் "பல்லி பல்லி". சீக்கிரம் சீக்கிரம் என்று பொருளாம். கொரியாவில் காலடி வைக்கிறவன் முதலில் கற்பதும் கடைசியில் மறப்பதும் அந்தச் சொல்தான் என்பார். வீட்டில் சோறு தாமதமானால் பல்லி பல்லி. பஸ் புறப்படாவிட்டால் பல்லி பல்லி. அவருடைய அப்பாயிக்கு எண்பதைத் தாண்டிய வயது. பேரன் இப்படிக் கத்தும்போதெல்லாம் கூரையை அண்ணாந்து பார்ப்பாள். அவருக்கு இடது கைச் சுட்டுவிரலில் ஒரு கணு குறைவு. எப்படி என்று ஒரு தடவை கேட்டேன். "பல்லி பல்லி" என்று மட்டும் சொல்லிவிட்டு டீயை ஊதத் தொடங்கினார்.

விசா நான்கு வருடம் பத்து மாதம். ஐந்து வருடம் முழுசாக இருந்துவிட்டால் நிரந்தரமாகத் தங்க உரிமை கேட்பார்கள் என்றுதான் இரண்டு மாதத்தைக் கத்தரித்தார்கள் என்று போய் வந்தவர்கள் சொல்வார்கள். நான் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன்; சும்மா இருக்க முடியவில்லை. நான்கு வருடம் பத்து மாதம் என்றால் ஏறக்குறைய 1,765 நாள். அதில் 1,764 நாளைப் பற்றி அவர் வாய் திறந்ததே இல்லை. அன்சான் என்ற ஊர், அங்கே ஒரு பெக்டரி, இரும்புச் சாமான் ஏதோ செய்கிறார்கள், முதலாளியை சாஜாங்நிம் என்று கூப்பிட வேண்டும். இவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். மிச்சமிருக்கும் அந்த ஒரே நாள்தான் சொக்சோ. பத்து வருடமாக எங்களுக்கு ஓடிக்கொண்டிருப்பது அந்த ஒரு நாள்.

அந்த நாளின் கதை இது. 2016 ஜூலை. ஊர் உலகமெல்லாம் கைபேசியைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போக்கிமொன் பிடித்துத் திரிந்த காலம். கொரியாவில் அந்த விளையாட்டு வேலை செய்யவில்லை. ஆனால் வடகிழக்கு மூலையில் சொக்சோ பக்கம் மட்டும் எப்படியோ வேலை செய்தது. விஷயம் பரவியதுதான் தாமதம், சியோலிலிருந்து சொக்சோ போகும் பஸ்ஸுக்கு டிக்கெட் இல்லாமல் போயிற்று. நம்மவரோடு ஒரே அறையில் இருந்த நேபாளத்துப் பையனுக்கு அந்தப் பைத்தியம். இரண்டு டிக்கெட் பிடித்துவிட்டான். இல்லாத பிராணியைப் பிடிக்க ஒருவன் போனான்; அவனுக்குத் துணையாகப் போனவர் கடலைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"வெயில்னா வெயில் சேர். அப்பிடி ஒரு வெயில். கடல் கண்ணாடி மாதிரிக் கெடக்கு." இங்கேதான் கதையின் முதல் சத்தம். இரண்டாவது, அபாய் கிராமம். சண்டைக் காலத்தில் வடக்கே ஹம்கியொங் பக்கத்திலிருந்து ஓடிவந்த சனம், இன்றைக்கோ நாளைக்கோ ஊர் திரும்பிவிடலாம் என்று கடலோர மணலில் குடிசை போட்டதாம். எல்லை மூடிக்கொண்டது, சனம் அங்கேயே தங்கிவிட்டது. அபாய் என்றால் அந்தப் பக்கத்துப் பேச்சில் பெரியவர். "ஒவ்வொரு வீடும் நம்ம லயத்துக் காம்பரா மாதிரி சேர், தோளோட தோள் இடிக்கும்" என்பார். இதை முதன்முதலில் வீட்டில் சொன்னபோது அப்பாயிக்கு "அப்பாயி கிராமம்" என்று காதில் விழுந்திருக்கிறது. கொரியாவில் தன் பெயரில் பேரன் ஒரு ஊரே வைத்திருக்கிறான் என்று அவள் கொஞ்ச நாள் லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தாள். பேரனும் மறுக்கவில்லை.

அந்தக் கிராமத்துக்குப் போகத் தெப்பம் மாதிரி ஒரு தட்டைப் படகு. இயந்திரம் கிடையாது. தண்ணீருக்குக் குறுக்கே கம்பி வடம் கட்டியிருக்கும். கையில் கொக்கியைக் கொடுப்பார்கள். வடத்தில் மாட்டி இழுத்தால் படகு நகரும். பயணிகளும் இழுக்கலாம். உண்மையில் இது கூப்பிடு தூரம். நான் முதலில் கேட்டபோது கூப்பிடு தூரமாகத்தான் இருந்தது. அடுத்த வருடம் உமா ஓயா அகலமாயிற்று. பிறகு கொஞ்ச காலம் நுவரெலியா கிரகரி வாவி அளவு. போன தைப்பொங்கலுக்குக் கேட்டபோது நடுவில் இரண்டு பேர் மயங்கி விழுந்து, நம்மவர் தனியாளாக இழுத்து அக்கரை சேர்த்திருந்தார்.

அப்புறம் சாப்பாடு. கணவாய் வயிற்றுக்குள் சோறும் காய்கறியும் அடைத்து அவித்து, வட்ட வட்டமாக வெட்டி, முட்டையில் தோய்த்துப் பொரிப்பது. பெயர் சுண்டே. "சுண்டலா?" என்று அப்பாயி கேட்டாளாம். "சுண்டலுக்குக் கொரியா வரைக்கும் போகணுமா ராசா, கதிர்காமத்துலயே விக்கிறானே." அடுத்தது முல்ஹே. பச்சை மீனை நறுக்கி மிளகாய்க் குழம்பில் போட்டு மேலே ஐஸ் கட்டி மிதக்க விடுவார்கள். இதைக் கேட்ட அன்று அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "பாவம், அந்த நாட்டுல வெறகு இல்ல போல" என்றாள்.

எங்கள் பக்கத்துச் சனத்துக்குக் கடல் என்பது கருவாடாகத்தான் அறிமுகம் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். மலையில் பிறந்தவனுக்குக் கடல் சாக்கில் கட்டி லொறியில் ஏறி வரும் ஒரு சாமான். நெத்திலி, சாலை, கட்டா என்று அதற்குப் பல பெயர். அந்தச் சனத்தின் நடுவில் ஐஸ் மிதக்கும் மீன் குழம்பைப் பற்றிப் பேசுவது சாதாரணத் துணிச்சல் இல்லை.

நிரூபிக்க அவரிடம் ஒரே ஒரு படம் இருக்கிறது. பழைய கைபேசியிலிருந்து புதியதற்கு, அதிலிருந்து இன்னொன்றுக்கு என்று குடிமாறி வந்த படம். நடுவில் இவர். தலையோடு கழுத்தையும் மூடிய ஒரு பிளாஸ்டிக் சட்டை. பின்னால் ஒன்றும் இல்லை, பால் மாதிரி வெள்ளை. "கடல் எங்கே தம்பி?" என்றால், "கெமரா பிழ சேர். வெயில் அதிகம்னா அப்பிடித்தான், வெளிறிப் போயிரும்" என்பார்.

ஊர் திரும்பியவர் பெரிய வீடு கட்டவில்லை. ஒரு ஆட்டோவும் கொஞ்சம் மரக்கறித் தோட்டமும் வாங்கினார். ஆனால் பழக்கங்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. எதைக் கொடுத்தாலும் வாங்கினாலும் இரண்டு கையால். ஐம்பது ரூபாய் மிச்சக் காசை இரண்டு கையால் நீட்டிக் குனிந்து கொடுக்கும் ஆட்டோக்காரரை வெலிமடை அதுவரை கண்டதில்லை. சில பயணிகள் வெட்கப்பட்டு மிச்சம் வேண்டாம் என்று போய்விட்டார்கள். தொழில் தந்திரமாகச் செய்யவில்லை, ஆனால் வருமானம் வந்தது.

கோவா விலை தரைக்கு வந்த ஒரு கிழமை அவர் செய்ததை மட்டும் ஊர் இன்னும் மன்னிக்கவில்லை. தோட்டத்தில் கோவாவை அப்படியே உழுதுவிடலாமா என்று எல்லாரும் யோசித்துக்கொண்டிருந்தார்கள். இவர், "முட்டாள்தனம். கிம்ச்சி போடணும்" என்றார். கொரியாக்காரன் போடுவது நீட்டுக் கோவா, இங்கே இருப்பது உருண்டைக் கோவா என்று அவரே ஒப்புக்கொண்டார். ஆனாலும் உப்பில் ஊறவைத்து, முள்ளங்கி சீவிப் போட்டு, பூண்டு, இஞ்சி, நம்ம கொச்சிக்காய்த் தூள் அரைத்துப் பூசி, இரண்டு பெரிய பெயின்ட் வாளியில் அடைத்து இஸ்தோப்பில் வைத்தார். நாலாம் நாள் பக்கத்துக் காம்பராவில் சண்டை. எந்தப் பிள்ளை என்ன செய்தது என்று தாய் விசாரிக்கிறாள். ஐந்தாம் நாள் கான் அடைத்துவிட்டது என்று தொங்கல் வீட்டார் மண்வெட்டியோடு வந்து லயத்துக் கானை முழுவதும் சுத்தம் செய்தார்கள். அது நல்ல காரியம். வருடக்கணக்கில் யாரும் தொடாத கான். ஆறாம் நாள் வாளி மூடி தானாகவே திறந்துகொண்டது. நான் ஒரு துண்டு தின்று பார்த்தேன். சொல்லக்கூடாது, ரொட்டிக்கு நன்றாகவே இருந்தது. ஆனால் அதைப் பகிரங்கமாகச் சொல்ல அன்று எனக்கு முதுகெலும்பு இல்லை.

அப்பாயிக்கு ஒரு ஆசை இருந்தது. பேரன் பார்த்த கடலைத் தானும் பார்க்க வேண்டும். தேயிலையைத் தவிர வேறொன்றும் பார்க்காத கண். கதிர்காமம் மூன்று தடவை போனவள், அங்கிருந்து அதிக தூரமில்லாத கடலுக்கு யாரும் அவளைக் கூட்டிப்போகவில்லை. "சொக்சோ மாதிரியே ஒரு நாள் போறோம்" என்று கொரியாக்காரர் அறிவித்தார். இடம் அறுகம்பே. ஆகஸ்ட் லீவு. தலைக்கு இவ்வளவு என்று காசு சேர்த்து வேன் ஹயர் பேசினார். பதினான்கு பேர் இருக்கும் வேனில் பத்தொன்பது பேர். நிகழ்ச்சி நிரல் ஒன்றையும் எழுதிப் போட்டோக் கொப்பி எடுத்து எல்லாருக்கும் இரண்டு கையால் கொடுத்தார். புறப்பாடு 3.10. ராவணா நீர்வீழ்ச்சி 4.55, ஐந்து நிமிடம். அந்த நேரத்தில் இருட்டில் நீர்வீழ்ச்சியைக் காதால்தான் பார்க்க முடியும் என்று நான் சொன்னேன். "சொக்சோ பஸ் ஒரு நிமிசம் பிந்தாது சேர்" என்றார்.

3.10-க்கு வேன் வந்தது. சனம் வரவில்லை. லயத்தில் ராத்திரி முழுக்க அடுப்பு எரிந்திருக்கிறது: சோத்துப் பார்சல், அவிச்ச முட்டை, ரொட்டி, ஒரு சட்டி நிறையக் கட்டசம்பல். கடலுக்குப் போகிறோம் என்று நெத்திலிக் கருவாடும் பொரித்து எடுத்திருந்தார்கள். இதைப் பற்றி யாருக்கும் ஒரு கேள்வியும் எழவில்லை. வாந்திக்கு எலுமிச்சம்பழமும் சொப்பிங் பேக்கும் தனியாக. 4.25-க்குப் புறப்பட்டோம். பல்லி பல்லி என்று அவர் கத்திய கத்தலுக்கு வேனின் கூரையில் இருந்த பல்லிகளெல்லாம் இறங்கி ஓடியிருக்கும்.

பிந்தியதால் ராவணா நீர்வீழ்ச்சியை வெளிச்சத்தில் பார்த்தோம் என்பது அவருக்கு மனக்கசப்பு. எல்லவைத் தாண்டி மலை இறங்கி வெல்லவாயவில் கால் வைத்ததும் ஸ்வெட்டர்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. புத்தல, மொனராகலை, சியம்பலாண்டுவ. லாகுகல காட்டோரம் யானை ஒன்று ரோட்டில் நின்றது. சாரதி என்ஜினை நிறுத்திவிட்டார். யானை அசையவில்லை. கொரியாக்காரர் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தார், யானையைப் பார்த்தார். மெல்லிய குரலில், யானைக்குக் கேட்காதபடி, "பல்லி பல்லி" என்றார்.

பொத்துவிலைத் தாண்டி அறுகம்பே பாலத்தில் வேனை நிறுத்தச் சொன்னார். 2004 சுனாமிக்குப் பிறகு எழுப்பிய பாலம். "பாருங்க, இந்த எடத்துல வடம் கட்டி ஒரு படகு விட்டிருந்தா எப்பிடி இருந்திருக்கும்!" என்று வருந்தினார். பாலத்தால் அன்றாடம் போய்வரும் சனம் இரண்டு பேர் சைக்கிளை நிறுத்தி அவரை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

அறுகம்பேயில் பருவம். வெள்ளைக்காரப் பிள்ளைகள் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அலைக்கு ஓடுகிறார்கள். அலை எழும்ப அதன் முதுகில் ஏறி நிற்கிறார்கள். எங்கள் சனம் வரிசையாக மணலில் உட்கார்ந்து, வேலைத்தலத்தில் கங்காணியைப் பார்ப்பது போல அவர்களை முறைத்துப் பார்த்தது. கொரியாக்காரர் நேராக ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போய்க் கணவாய்க்குள் சோறு அடைத்துத் தர முடியுமா என்று கேட்டார். கடைக்காரர் பொத்துவில் காக்கா, பொறுமைசாலி. முழுவதும் கேட்டார். "தம்பி, கணவாய பொரிச்சித் தரலாம். கொத்துல போட்டும் தரலாம். உள்ளுக்குச் சோறு வெக்கிற வேல நமக்கு ஏலாது. நீங்க சோத்தையும் கணவாயையும் வாங்கி வாய்க்குள்ள போட்டா வயித்துக்குள்ள போய் அது சேந்துக்கிரும்." விலைப் பலகை வெள்ளைக்காரர் பைக்கு அளவாக எழுதியிருந்தது. ஒரு தட்டுப் பொரித்த கணவாய் வாங்கி, பத்தொன்பது பேரும் ஆளுக்கொரு வளையம் தின்று, வேன் நிழலில் உட்கார்ந்து சோத்துப் பார்சலைப் பிரித்தோம். கடல் காற்றில் நெத்திலிக் கருவாட்டு வாசம் பிரமாதமாக இருந்தது.

நாலரைக்குத் திரும்பல். அவர் வேன் வாசலில் நின்று கொரியக் கணக்கில் தலை எண்ணினார். ஹானா, துல், செட், நெட்... பதினேழு. மறுபடி எண்ணினார், பதினேழுதான். ஒருவர் அவரே, ஆற்றைக் கடந்த பரமார்த்த குருவின் சீடர்கள் செய்த அதே பிழை. அதைச் சேர்த்தாலும் ஒரு தலை குறைந்தது.

அப்பாயி தண்ணீர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். சேலையை முழங்கால் வரை சுருட்டி, இரண்டு காலையும் நீட்டி, வருகிற அலையெல்லாம் தன்னைப் பார்க்கத்தான் வருகிறது என்பது போல. கொரியாக்காரர் ஓடினார், பின்னால் நானும் போனேன். பக்கத்தில் போனவர் என்ன நினைத்தாரோ, கத்தாமல் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வெயில் தணிந்து கடல் பொன் பூசிக் கிடந்தது.

"சொக்சோவும் இப்பிடித்தானா ராசா?"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"தெரியல அப்பாயி. அன்னிக்கு மழ. கடல் கண்ணுக்கே தெரியல."

"அப்ப என்னதான்டா பாத்த?"

"மழயத்தான்."

"இங்கன இல்லாத மழயா?" என்று சொல்லி அவள் பொக்கை வாயால் சிரித்தாள். "அதுக்கா இத்தன வருசம் அந்த ஊரச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச?"

"அன்னிக்கு லீவு, அப்பாயி" என்றார்.

அப்பாயி வேறொன்றும் கேட்கவில்லை. ஈரக் கையால் அவருடைய இடது கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். வேனிலிருந்து யாரோ "பல்லி பல்லி" என்று கூவினார்கள். அவர் எழும்பவில்லை. புறப்பட ஐந்தேகால் ஆகிவிட்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை டீக்கடையில் ஒரு புதுப் பையன், உப்பு விலை ஏறிவிட்டது என்று ஆரம்பித்தான். மூலை மேசை அசைந்தது. "நான் சொக்சோவுக்குப் போயிருந்தப்ப..." என்று குரல் கிளம்பியது. பிறகு என்னைப் பார்த்து ஒரு கணம் தயங்கியது. நான் குவளையை இரண்டு கையால் பிடித்துக்கொண்டு, "சொல்லுங்க தம்பி, வெயில் எப்பிடி?" என்றேன்.

"வெயில்னா வெயில் சேர்!" என்றார். கடைக்காரர் கேத்தலில் தண்ணீர் ஊற்றினார்.